பெட்டி கதிரையான கதை

(ரொறன்ரோவிலிருந்து நேரலையாக ஒளிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)

மண்டபத்தில் இருப்பவர்களுக்கும், லண்டனிலும் பாரிசிலும் சிட்னியிலும் இருந்து நேரம் கெட்ட நேரத்தில் கண்விழித்து இணையத்தில் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கும் என் நன்றி.

இன்றைக்குப் பெட்டியைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று சொன்னதும், "எந்தப் பெட்டி?" என்று அமைப்பாளர் கேட்டார். சாமான் வந்து சேரும் பெட்டி. கடையிலிருந்து ரீவி வந்த பெட்டி, கப்பலில் தேயிலை போன பெட்டி, சந்தையில் வாழைப்பழம் வந்திறங்கிய பெட்டி. சாமானை எடுத்துவிட்டு நாம் மறந்துவிடுகிற பொருள். அதைக் கதிரையாக, மேசையாக, தட்டாக மாற்றும்படி முதலிலேயே வடிவமைத்தால் என்ன என்று இன்றைக்குப் பெரிய கம்பெனிகள் யோசிக்கின்றன. சூழலுக்கு இணக்கமான வடிவமைப்பு என்று அதற்குப் பெயர். புதிய கண்டுபிடிப்பு போலத்தான் பேசுகிறார்கள்.

இதற்கு நூறு வருடங்களுக்கு மேலான வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றில் இலங்கைத் தேயிலைக்கு ஓர் இடம் உண்டு. ரொறன்ரோவில் பிறந்த ஒரு பையனுக்கு ஓர் இடம் உண்டு. இந்த நகரத்துக்கு வந்து சேர்ந்த எங்களுக்கும் ஓர் இடம் உண்டு. மற்ற இரண்டையும் எழுதி வைத்திருக்கிறார்கள். எங்களுடையதைப் பற்றி நாங்கள் அதிகம் பேசுவதில்லை. ஏன் பேசுவதில்லை என்பதுதான் நான் போய்ச் சேர விரும்புகிற இடம். அதற்கு முன்பு கொஞ்சம் சுற்றிவர வேண்டும்.

முதலில் ஊரிலிருந்து தொடங்குவோம். யாழ்ப்பாணத்தில் பனங்கட்டி குட்டானில் வரும். குட்டான் என்பது பனையோலையில் இழைத்த சின்னக் கூடு. காய்ச்சிய பாகை அதற்குள்ளேயே ஊற்றுவார்கள். அச்சும் அதுதான், பொதியும் அதுதான். கட்டி முடிந்தால் ஓலை அடுப்புக்குப் போகும். மிச்சம் என்று எதுவும் இல்லை. பொதிக்கென்று தனியாக ஒரு பொருள், குப்பைக்கென்று தனியாக ஒரு பொருள் என்ற பிரிவே அங்கே கிடையாது.

பிறகு கடல் கடந்து பொருள்கள் வந்தன. அவற்றோடு வேறு விதமான பொதிகளும் வந்தன. மண்ணெண்ணெய்த் தகரத்தை இங்கே இருக்கும் வயதானவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நாலு கலன் கொள்ளும் சதுரத் தகரம். இரண்டு தகரங்களை ஒரு மரப்பெட்டிக்குள் வைத்து அனுப்புவார்கள். மண்ணெண்ணெய் விற்று முடிந்த பிறகும் தகரம் வாழ்ந்தது. கிணற்றடியில் தண்ணீர் சுமந்தது, நெல் அளந்தது, விரித்து அடித்தால் கூரையின் ஒழுக்கை அடைத்தது. மரப்பெட்டி முக்காலியானது, கோழிக்கூடானது. இதை யாரும் வடிவமைக்கவில்லை. பொருள் நல்ல பொருளாக இருந்தது, கையும் சும்மா இருக்கவில்லை.

இந்தப் பெட்டிகளுக்கெல்லாம் அரசன் என்றால் தேயிலைப் பெட்டிதான். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். 1873இல் இலங்கையிலிருந்து லண்டனுக்கு 23 இறாத்தல் தேயிலை போனது. அதன்பின் கோப்பியை நோய் அழிக்க, மலையெல்லாம் தேயிலையானது. தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர்களின் உழைப்பில் அது நடந்தது.

தேயிலைக்கு இரண்டு எதிரிகள். ஒன்று ஈரம், மற்றது வாசனை. பக்கத்தில் என்ன இருக்கிறதோ அந்த மணத்தைத் தேயிலை இழுத்துக்கொள்ளும். அதனால் பெட்டிக்குள் ஈயத்தாள் வைத்து ஒட்டினார்கள். பிற்காலத்தில் ஈயம் போய் அலுமினியத் தாள் வந்தது. ஆனால் வெளிப்பெட்டிதான் பெரிய சிக்கல். கனமான பலகையில் செய்தால் கப்பல் கூலி ஏறும். பச்சை மரத்தில் செய்தால் வெடிக்கும், வளையும், பிசின் மணக்கும்.

இந்தச் சிக்கலுக்கு விடை வந்தது யாரும் எதிர்பாராத ஒரு மூலையிலிருந்து. பால்டிக் கடலோரம் ரெவால் என்று ஒரு நகரம். இன்றைக்கு அதைத் தாலின் என்கிறோம், எஸ்தோனியாவின் தலைநகரம். அங்கே லூதர் குடும்பத்தின் மரத் தொழிற்சாலை ஒன்று இருந்தது. மரத்தைக் கடதாசி போலச் சீவி, ஒரு தாளின் நார் நீட்டாகவும் அடுத்த தாளின் நார் குறுக்காகவும் போகும்படி ஒட்டினார்கள். பிளைவூட் என்று நாம் சொல்லும் ஒட்டுப்பலகை. மெல்லியது, ஆனால் எந்தப் பக்கமும் வெடிக்காது. அந்தத் தொழிற்சாலை ஒட்டுப்பலகையில் ஆரம்பத்தில் செய்தது கதிரைகளின் இருக்கைகளை. அதன்பின்தான் பெட்டிகள். அதை இங்கிலாந்தில் விற்க வெனெஸ்டா என்ற கம்பெனி வந்தது. வெனீர் என்ற சொல்லையும் எஸ்தோனியா என்ற நாட்டின் பெயரையும் சேர்த்து வைத்த பெயர் அது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒட்டுப்பலகைத் தேயிலைப் பெட்டி உலகமெங்கும் போய்ச் சேர்ந்தது.

அந்தப் பெட்டிகள் எவ்வளவு தூரம் போயின என்பதற்கு ஒரு கதை சொல்கிறேன். 1907இல் எர்னஸ்ட் ஷாக்கிள்டன் தென் துருவப் பயணத்துக்குத் தயாரானபோது, உணவுப் பொருள்களை அடைக்க வெனெஸ்டா பெட்டிகளையே தேர்ந்தெடுத்தார். 1908இன் பனிக்காலத்தை 15 பேர் அந்தாட்டிக்காவில் றொய்ட்ஸ் முனையில் ஒரு குடிசைக்குள் கழித்தார்கள். அங்கே மரமும் இல்லை, கடையும் இல்லை. சாப்பாடு தீரத் தீர வெறும் பெட்டிகள் மிஞ்சின. அவற்றைப் பிரித்துத் தட்டுகளும் தடுப்புகளும் செய்தார்கள், தளபாடம் செய்தார்கள். அதோடு நிற்கவில்லை. கூடவே கொண்டுபோன அச்சு இயந்திரத்தில் 'அவ்றோறா ஒஸ்ட்ராலிஸ்' என்று ஒரு புத்தகத்தை அச்சிட்டார்கள். அந்தாட்டிக்காவில் எழுதி, அச்சிட்டு, கட்டி முடித்த முதல் புத்தகம் அது. அதன் மேலட்டை என்ன தெரியுமா? உணவு வந்த பெட்டியின் ஒட்டுப்பலகை. இன்றைக்கும் சில பிரதிகளின் அட்டையைத் திருப்பினால், உள்ளே வந்த சாப்பாட்டின் பெயர் கறுப்பு மையில் தெரியும். பட்டர் என்று ஒரு பிரதியில் இருக்கிறது. இலக்கியக் கூட்டத்தில் பெட்டியைப் பேசுவதற்கு எனக்கு இந்த ஒரு சான்றே போதும்.

திரும்ப இலங்கைக்கு வருவோம். இரண்டாம் உலகப்போர் வந்து ஐரோப்பியப் பலகை நின்றுபோனதும், காலிக்குப் பக்கத்தில் கிந்தோட்டையில் அரசாங்கம் ஓர் ஒட்டுப்பலகைத் தொழிற்சாலையைத் தொடங்கியது. முதல் நோக்கம் தேயிலைப் பெட்டி. பெட்டி இல்லாவிட்டால் தேயிலை இல்லை. தேயிலை இல்லாவிட்டால் அந்நாளைய இலங்கைக்கு வருமானம் இல்லை.

ஒரு தேயிலைப் பெட்டி ஏறத்தாழ 45 முதல் 50 கிலோ வரை தேயிலை கொள்ளும். ஓரங்களில் தகரப் பட்டி, அதில் வரிசையாகச் சிறு ஆணிகள். இங்கிலாந்தில் வீடு மாறுபவர்கள் பல தலைமுறைகளாக அந்தப் பெட்டிகளில்தான் தட்டுமுட்டுச் சாமான் கட்டினார்கள். 1950களில் அந்நாட்டு இளைஞர்கள் தேயிலைப் பெட்டியைக் கவிழ்த்து, ஒரு தடியும் ஒரு கயிறும் பூட்டி, வாத்தியமாக்கினார்கள். ஜோன் லெனன் பள்ளிக்கூடக் காலத்தில் தொடங்கிய குவாரிமென் குழுவிலும் அந்த வாத்தியம் இருந்தது. பின்னாளில் பீட்டில்ஸ் ஆனது அந்தக் குழுதான்.

எங்கள் வீட்டில் இருந்த தேயிலைப் பெட்டி கடைக்காரர் ஒருவரிடம் அப்பா வாங்கியது. அதைப் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவில் ஒரு பலகை வைத்து, முன்னால் அம்மாவின் பழைய சேலையில் ஒரு திரை கட்டியிருந்தார்கள். எங்கள் முதல் புத்தக அலுமாரி அதுதான். புத்தகத்தை எடுக்கும்போதெல்லாம் தேயிலை மணக்கும். தகரப் பட்டியின் ஓரம் கையைக் கீறும். அதற்குள் வந்த கொழுந்தைக் கிள்ளியவர்கள் லயன் அறையில் இருந்தார்கள் என்பதும், நல்ல தேயிலை எல்லாம் கப்பலேறிப் போனபின் தூளைத்தான் அவர்கள் குடித்தார்கள் என்பதும் எனக்கு அப்போது தெரியாது. பிறகு தெரிந்துகொண்டேன்.

1980களில் தேயிலைப் பெட்டி மெல்ல மறையத் தொடங்கியது. காரணம் கொள்கலன். முன்பு ஒவ்வொரு பெட்டியும் தன்னைத் தானே காத்துக்கொள்ள வேண்டும்; துறைமுகத்தில் தூக்கி எறிந்தாலும் தாங்க வேண்டும். கொள்கலன் வந்தபின் இரும்புப் பெட்டி ஒன்றே எல்லாவற்றையும் காத்தது. உள்ளே இருக்கும் பொதி மெலிந்துவிட்டது. பல அடுக்குக் கடதாசிச் சாக்குகள் வந்தன. மரம் மிச்சமானது, கூலி மிச்சமானது. நல்லதுதான். ஆனால் கடதாசிச் சாக்கில் யாரும் புத்தகம் அடுக்க முடியாது.

இங்கே ஒரு விசயத்தைக் கவனிக்கச் சொல்கிறேன். தேயிலைப் பெட்டி நல்ல தளபாடமானதற்குக் காரணம் யாரும் அதைத் தளபாடமாக நினைத்துச் செய்யாததுதான். ஐம்பது கிலோவைத் தாங்க வேண்டும், ஒன்றன்மேல் ஒன்று அடுக்க வேண்டும், சமுத்திரத்தைக் கடக்க வேண்டும். இந்த மூன்றையும் செய்யக்கூடிய பெட்டி, ஒரு பையனின் புத்தகங்களையும் தாங்கும்.

பெட்டியைத் தளபாடமாக நினைத்துப் பார்த்தவர்களும் இருந்தார்கள். லூயிஸ் பிறிகம் என்ற அமெரிக்கப் பெண் வடதுருவத்துக்குப் பக்கத்தில் ஸ்பிட்ஸ்பேர்கன் தீவில், நிலக்கரிச் சுரங்கம் தோண்டுபவர்களின் குடியிருப்பில் சில காலம் தங்கியிருந்தார். அங்கேயும் மரம் கிடையாது. சாமான் வந்த பெட்டிகள்தான் உண்டு. அவற்றிலேயே வீட்டை நிரப்பினார். 1909இல் 'பெட்டித் தளபாடம்' என்ற பொருளில் ஒரு புத்தகம் எழுதினார். வீட்டுக்கு வேண்டிய 100 பொருள்களைப் பொதிப்பெட்டியில் செய்வது எப்படி என்று படத்தோடு சொல்லும் புத்தகம். பிறகு நியூயோர்க்கில் ஏழைப் பிள்ளைகளைக் கூட்டிவைத்து அதைக் கற்பித்தார். குடியேறிகளின் பிள்ளைகள் நிறையப் பேர். அதில் அவர் வைத்த ஒரு கட்டுப்பாடு எனக்குப் பிடிக்கும்: பெட்டியில் செய்தது அழகாகவும் இருக்க வேண்டும். ஏழை வீட்டுச் சாமான்தானே, எப்படி இருந்தால் என்ன என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை.

1934இல் கெரிட் ரீட்வெல்ட் என்ற ஒல்லாந்துக் கலைஞர், பொதிப்பெட்டிக்குப் பயன்படும் மலிவுப் பலகையில் ஒரு கதிரை செய்தார். உலகப் பொருளாதாரம் விழுந்து கிடந்த காலம். துண்டுகளாக வாங்கி வீட்டிலேயே பூட்டிக்கொள்ளலாம். இன்றைக்கு நாங்கள் தட்டையான பெட்டியில் வாங்கிவந்து ஞாயிற்றுக்கிழமை முழுதும் பூட்டுகிறோமே, அதன் மூத்த உறவுகள் இவை.

மரத்தின் காலம் இதோடு முடிகிறது. இனி அட்டை. நெளி அட்டை பிறந்தது தொப்பிக்காக. 1856இல் இங்கிலாந்தில் உயர்ந்த தொப்பிகளுக்கு உள்வரியாக வைக்க அதற்குக் காப்புரிமை எடுத்தார்கள். 1871இல் நியூயோர்க்கில் அல்பேர்ட் ஜோன்ஸ் அதைப் போத்தல் சுற்றப் பயன்படுத்தினார். 1874இல் ஒலிவர் லோங் நெளிவின் மேல் தட்டையான தாளை ஒட்டினார். அப்போதுதான் அது உறுதியானது. புறூக்ளினில் ரொபேர்ட் கெயர் என்பவர், வெட்டும் மடிப்பும் ஒரே அழுத்தில் விழும்படி செய்து, மடித்து வைக்கும் பெட்டியைப் பெருமளவில் செய்தார். அதன்பின் மரப்பெட்டியின் இடத்தை அட்டைப்பெட்டி கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்தது.

இனி நம்முடைய நகரத்துக்கு வருவோம். 1929இல் ரொறன்ரோவில் ஒரு யூதக் குடும்பத்தில் பையன் ஒருவன் பிறந்தான். போலந்திலிருந்து வந்த தாத்தா குயின் வீதியில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்தார். பாட்டி வீடு பெவர்லி வீதியில். அடுப்பு எரிக்கப் பாட்டி மரத் துண்டுகளைச் சாக்கில் வாங்கிவருவார். எரிப்பதற்கு முன் அவற்றை நிலத்தில் கொட்டிவிட்டு, பேரனோடு சேர்ந்து தானும் உட்கார்ந்து வீடும் பாலமும் கட்டுவார். அந்தப் பையன் 1947இல் குடும்பத்தோடு லொஸ் ஏஞ்சலஸ் போனான். கோல்ட்பேர்க் என்ற குடும்பப் பெயரை 1954இல் மாற்றிக்கொண்டான். அவர்தான் ஃபிராங்க் கெரி, பில்பாவோ அருங்காட்சியகத்தைக் கட்டிய கட்டடக் கலைஞர்.

கட்டடக்காரர்கள் நிலத்தின் மேடுபள்ளத்தைக் காட்ட அட்டைகளை அடுக்கி மாதிரி செய்வார்கள். கெரியின் அலுவலகத்திலும் அப்படி ஓர் அடுக்கு இருந்தது. எல்லோரும் அட்டையின் முகத்தைத்தான் பார்ப்பார்கள். அவர் ஓரத்தைப் பார்த்தார். வரிவரியாக, மென்பட்டுப் போல இருந்தது. தாள்களை மாற்றி மாற்றித் திசை வைத்து ஒட்டினால் என்ன ஆகும் என்று பார்த்தார். மரத்தைப் போல உறுதி வந்தது. ஒட்டுப்பலகையில் லூதர் குடும்பம் செய்ததும் இதேதான்: ஒரு நார் நீட்டு, ஒரு நார் குறுக்கு.

1969க்கும் 1973க்கும் இடையில் 'ஈஸி எட்ஜஸ்' என்ற பெயரில் அட்டைத் தளபாடங்கள் செய்தார். பாம்பு நெளிந்து எழுந்து நிற்பதுபோல ஒரு கதிரை, 1972இல் செய்தது. 'விகிள்' என்று பெயர். சாதாரணச் சனங்கள் வாங்கக்கூடிய விலையில் விற்றார்கள். நன்றாகப் போனது. கட்டடக் கலைஞர் என்ற பெயர் போய்க் கதிரை செய்பவர் என்ற பெயர் நின்றுவிடுமோ என்று பயந்து, கெரி அதை நிறுத்திவிட்டார். பிற்பாடு விட்ரா என்ற கம்பெனி அதை மீண்டும் செய்யத் தொடங்கியது. இன்றைக்கு அந்த அட்டைக் கதிரை ஆயிரம் டொலருக்கு மேல். மலிவுச் சாமானாகப் பிறந்தது அருங்காட்சியகச் சாமானாகிவிட்டது.

ரொறன்ரோவில் இருப்பவர்கள் டண்டாஸ் வீதியில் ஒன்ராறியோ கலைக்கூடத்துக்குப் போயிருப்பீர்கள். 2008இல் அதைப் புதுப்பித்துக் கட்டியவர் கெரி. கனடாவில் அவர் செய்த முதல் கட்டடம். முகப்பில் மரமும் கண்ணாடியுமாகக் கவிழ்த்த படகு போல நீளுகிற கூடத்தில் நின்றால், பாட்டியின் வீட்டு வீதி நடக்கிற தூரத்தில்தான்.

கெரி தன் நகரத்துக்குத் திரும்பிவந்து கட்டுவதற்கு முன்பே, அதே நகரத்தில் அட்டைப்பெட்டியில் தளபாடம் செய்தவர்கள் இருந்தார்கள். அவர்கள் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை.

1983 ஜூலைக்குப் பின் வந்தவர்களைச் சொல்கிறேன். நான் வந்தது 1988இல். வெலஸ்லி வீதியும் பாலியமென்ற் வீதியும் சேரும் இடத்தில் சென்ற் ஜேம்ஸ் ரவுன் மாடிக்கட்டடங்கள். ஓர் அறையில் ஐந்து பேர், ஆறு பேர். ஒருவர் வேலைக்குப் போக மற்றவர் அதே மெத்தையில் படுப்பார். கதிரை வாங்க யாருக்கும் காசில்லை; காசு இருந்தாலும் அது ஊருக்குப் போக வேண்டும், கடனுக்குப் போக வேண்டும். கடையின் பின்பக்கம் கிடக்கும் வாழைப்பழப் பெட்டிகளைக் கேட்டு வாங்கிவருவோம். இரண்டு சுவர் உள்ள தடித்த அட்டை, கைபிடிக்க ஓட்டை, ஒன்றுக்குள் ஒன்று மூடும் மூடி. உடுப்பு அலுமாரி அதுதான். ரீவி வந்த பெட்டியைக் கவிழ்த்தால் சாப்பாட்டு மேசை. பழைய தொலைபேசிப் புத்தகங்களை அடுக்கிக் கட்டிப் பெட்டிக்குள் இறக்கினால் ஆள் இருக்கலாம். இதைக் கண்டுபிடித்தவர் எங்களோடிருந்த ஓர் அண்ணை. ஊரில் தச்சுவேலை தெரிந்தவர், இங்கே உணவகத்தில் கோப்பை கழுவினார்.

ஊருக்குப் படம் அனுப்ப வேண்டும் என்றால் அந்த அறையில் ஒரு சடங்கு நடக்கும். பெட்டிகளையெல்லாம் ஒரு மூலைக்குத் தள்ளி, மேலே கட்டில் விரிப்பைப் போட்டு மூடுவார்கள். கடன் வாங்கிய கோட்டை ஆளாளுக்கு மாற்றிப் போட்டுக்கொண்டு யன்னலோரம் நிற்பார்கள். பின்னால் நகரத்தின் உயரமான கோபுரம் தெரிய வேண்டும், பெட்டி தெரியக்கூடாது. அம்மா அழுவா என்பது ஒரு காரணம். சீதனப் பேச்சு, ஊர்ப்பேச்சு மற்றக் காரணங்கள். எங்களுக்கே வெட்கமாக இருந்தது என்பது மூன்றாவது.

அதனால் எங்கள் படங்களில் பெட்டி இல்லை. கடிதங்களில் இல்லை. பிறகு கட்டில் வந்தது, சோபா வந்தது, ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் வீடு வந்தது. நீலக் குப்பைத்தொட்டிக்கு அட்டையை மடித்துப் போடப் பழகினோம். 1980களின் தொடக்கத்தில் இதே ஒன்ராறியோவில் கிச்சினர் நகரத்தில்தான் நீலப்பெட்டி பிறந்தது என்பது இன்னொரு கதை. பிள்ளைகளுக்கு அந்த அறையைப் பற்றிச் சொல்லவில்லை. இப்போது பல்கலைக்கழகத்தில் வடிவமைப்புப் படிக்கும் பிள்ளைகள் வந்து, "பெட்டியைத் தளபாடமாக மாற்றுவது பற்றி ஒப்படை செய்கிறோம்" என்று எங்களுக்கே விளக்குகிறார்கள். ஷாக்கிள்டனின் ஆட்கள் செய்ததற்குப் புத்தகம் இருக்கிறது. கெரி செய்ததற்கு அருங்காட்சியகம் இருக்கிறது. அந்த அண்ணை செய்ததற்கு மூடிய விரிப்புத்தான் இருக்கிறது.

சரி, திட்டமிட்டே இரண்டாம் வாழ்வு கொடுத்த முயற்சிகள் என்ன ஆயின? மூன்றைச் சொல்கிறேன்.

1963இல் ஹைனெக்கன் பியர் கம்பெனி, குடித்து முடித்த போத்தலைச் செங்கல்லாக அடுக்கி வீடு கட்டலாம் என்று ஒரு சதுரப் போத்தலைச் செய்தது. கம்பெனி முதலாளி கரீபியத் தீவான குராசோவில் கண்ட காட்சிதான் தூண்டுதல். கடற்கரையெங்கும் போத்தல்கள், சனங்களுக்கோ வீடில்லை. ஜோன் ஹப்ராக்கன் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்தார். ஓர் இலட்சம் போத்தல்கள் செய்தார்கள். ஆனால் விற்பனைப் பிரிவுக்கு அது பிடிக்கவில்லை. முதலாளியின் தோட்டத்தில் ஒரு சிறு கொட்டகையோடு கதை ஏறக்குறைய முடிந்தது.

பின்லாந்துக் கதை வேறு. 1938இல் அந்த நாட்டு அரசு, வருமானம் குறைந்த தாய்மாருக்குப் பிள்ளைச் சாமான்கள் கொடுக்கத் தொடங்கியது. 1949இல் எல்லாத் தாய்மாருக்கும் என்று ஆனது. குறித்த காலத்துக்குள் மருத்துவ நிலையத்துக்குப் போயிருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. சாமான்கள் வரும் அட்டைப்பெட்டியின் அடியில் ஒரு சிறு மெத்தை இருக்கும். பெட்டியே பிள்ளையின் முதல் படுக்கை. பணக்காரர் பிள்ளையும் ஏழை பிள்ளையும் ஒரே அட்டைப்பெட்டியில் தூங்கியதால் அங்கே அதில் வெட்கம் இல்லை. அந்தப் பெட்டியைப் பாட்டிமார் பெருமையாகப் பேசுவார்கள்.

மூன்றாவது மும்பைக் கதை. ஆரம்ப் என்ற தொண்டு நிறுவனம், நிலத்தில் கூனி இருந்து எழுதும் பள்ளிப் பிள்ளைகளுக்காகப் பழைய அட்டைப்பெட்டிகளை அச்சுவைத்து வெட்டியது. மடித்தால் புத்தகப்பை, விரித்து நிறுத்தினால் சரிவான எழுதுமேசை. செலவு சில ரூபாய்கள்தான். மழை வந்தால் அட்டை தாங்காது என்ற குறை உண்டு. ஆனாலும் ஒரு பிள்ளையின் முதுகு நிமிர்ந்தது.

2020இல் சாம்சங் கம்பெனி சில ரீவிப் பெட்டிகளில் புள்ளிக்கோலம் போல வரிசையாகப் புள்ளிகள் அச்சிட்டது. புள்ளியைப் பார்த்து வெட்டினால் பூனை வீடு, சஞ்சிகைத் தட்டு, சிறு மேசை எல்லாம் செய்யலாம். நல்ல யோசனை. ஆனால் ஒரு கேள்வி இருக்கிறது. நூறு பேர் ரீவி வாங்கினால் எத்தனை பேர் கத்தியை எடுப்பார்கள்? தேவை உள்ளவர் யாரும் சொல்லாமலே செய்வார். தேவை இல்லாதவர் சொன்னாலும் செய்யமாட்டார். மும்பைப் பிள்ளைக்கு மேசை தேவைப்பட்டது. பின்லாந்துத் தாய்க்குத் தொட்டில் தேவைப்பட்டது.

இன்னொரு கணக்கும் உண்டு. தளபாடமாக்க வேண்டும் என்பதற்காகப் பெட்டியைத் தடிப்பாக்கினால், ஒவ்வொரு பெட்டிக்கும் கூடுதல் கடதாசி போகும், கூடுதல் பாரம் லொறியில் ஏறும். பத்தில் ஒருவர்தான் அதை மாற்றுகிறார் என்றால், மற்ற ஒன்பது பெட்டிகளில் போன கடதாசி வீண். அதனால் சூழலுக்கு நல்லது எது என்பதற்கு ஒரே விடை இல்லை. ரீவிக்கும் குளிர்சாதனப் பெட்டிக்கும் எப்படியும் தடித்த அட்டை வேண்டும். அங்கே புள்ளி அச்சிடுவது நியாயம். ஒரு சட்டை வரும் பெட்டியை முக்காலியாக்க நினைப்பது வேடிக்கை. அந்தப் பெட்டி மெலிய வேண்டும், அல்லது இல்லாமலே போக வேண்டும்.

வீட்டுக்குப் போனதும் ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் ஒரு வட்ட முத்திரை இருக்கும். வட அமெரிக்காவில் பல பெட்டிகளில் உண்டு. அதில் 32, 44 என்று ஓர் எண் இருக்கலாம். செங்குத்தாக நிற்கும் அட்டையின் ஓரம், ஓர் அங்குலத்துக்கு எத்தனை இறாத்தல் அழுத்தத்தைத் தாங்கிய பின் நசியும் என்பதன் கணக்கு அது. நெளிவுகள் மேலிருந்து கீழாக நிற்கும்போதுதான் அட்டைக்கு அந்தப் பலம். படுக்கவைத்தால் அதே அட்டை முறியும். கெரியின் கதிரையில் ஓரம் மேலே பார்ப்பதற்கும் இதுதான் காரணம்.

பிள்ளைகளோடு செய்து பார்க்க விரும்பினால், பெட்டிக்குள் அட்டைப் பட்டைகளைச் சதுரங்கக் கட்டங்கள் போல ஒன்றுக்குள் ஒன்று செருகி நிறுத்துங்கள். பாதிவரை வெட்டிச் செருகினால் பசை வேண்டாம். பெயின்ற் பூசாதீர்கள், பிளாஸ்ரிக் தாள் ஒட்டாதீர்கள். கடைசியில் அது மறுசுழற்சிக்குப் போக வேண்டும். நிலவறையில் வைக்காதீர்கள். ஈரம் பட்டால் அட்டையின் பலம் பெரும்பாலும் போய்விடும். ஊருக்கு அனுப்ப நினைத்தால் கறையானை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் நான் உங்களிடம் முக்கியமாகக் கேட்பது கதிரை செய்யச் சொல்லி அல்ல. எங்கள் சமூகத்தின் வரலாற்றைச் சேர்ப்பவர்கள் இன்றைக்கு இந்த நகரத்தில் இருக்கிறார்கள். கோயில் மலர்கள், சங்க அறிக்கைகள், பழைய பத்திரிகைகள், மாணவர் மன்றப் படங்கள் எல்லாம் சேர்கின்றன. மிக நல்ல வேலை. அவற்றோடு அந்த முதல் அறைகளும் சேர வேண்டும். யார் எந்தப் பெட்டியில் எதைச் செய்தார்கள், எங்கே எடுத்தார்கள், எப்படிக் கட்டினார்கள், படத்துக்கு எதைக்கொண்டு மூடினார்கள். அந்த அறைகளில் இருந்தவர்களுக்கு இப்போது அறுபது, எழுபது வயது. சிலர் போய்விட்டார்கள். கோப்பை கழுவிய அந்தத் தச்சர் அண்ணையும் போய்விட்டார்.

லூயிஸ் பிறிகம் நூறு பொருள்களைப் பட்டியலிட்டார். நாங்கள் எல்லோரும் இருந்து யோசித்தால் எங்களாலும் நூறு சொல்ல முடியும் என்று நினைக்கிறேன். இந்த உரை முடிந்ததும் கேள்வி நேரம். உங்கள் கேள்விகளை விட, உங்கள் வீட்டுப் பெட்டிகளைப் பற்றிக் கேட்க எனக்கு விருப்பம். நேரலையில் இருப்பவர்கள் எழுதி அனுப்புங்கள், ஒன்றுவிடாமல் வாசிக்கிறேன்.